வெறும் கேசட்டின் இடப்பக்கம்

"குடுன்றேன்ல, அத்தக் குடு!"

"கிட்ட வராத. வந்தேன்னா கெணத்துல போட்டுடுவேன்..."

"நாலு மணிக்குக் கஜபதி வந்து நிப்பான், அவன்கிட்ட இன்னா..."

"...போட்டுட்டு, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுவேன். மொதல்ல நான் சொல்றதக் கேளு..."

"கேளு கேளுன்ற! கேட்டுச்சுன்னுதானேடி நானும் சொல்றேன்! ஆறு வருசம் கழிச்சு எனக்குக் கேட்டுச்சு!"

வீரராகவன் போட்ட சத்தத்தில் கூரைமேல் விழுந்துகொண்டிருந்த மழையே ஒரு கணம் அடங்கியதுபோல் இருந்தது. காது மந்தமானவர்கள் பேச்சு அப்படித்தான். தான் கத்துவது அவருக்கே தெரியாது. அவர் மனைவி வசந்தகுமாரி பின்கட்டு அறையில் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னத் தோல் உறை. அதன்மேல் இரண்டு கைகளையும் பொத்தி வைத்திருந்தாள், எழுந்து ஓடப்போகிற கோழிக்குஞ்சைப் பிடித்து வைத்திருப்பதுபோல.

உறைக்குள் இருந்தது ஒரு ஜோடி இயர்போன். மூன்று நாளாக அந்த வீட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்ததும் அதுதான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து நவம்பர். அயனம்பாக்கம் ஏரி ததும்பி, கரையோரத்துத் தோட்டங்களில் எல்லாம் தண்ணீர் நின்றது. பகல் இரண்டரை மணிக்கே அறை இருட்டிக் கிடந்தது.

ஊருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வீரராகவனுக்கு ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், நாளெல்லாம் இரும்பு அடிக்கிற சம்மட்டிக் கூடத்தில் வேலை. வேலை முடிந்து வந்தால் வீட்டில் ரேடியோவைப் பிரிப்பார், டேப்ரிக்கார்டரைக் கழற்றிக் கொட்டுவார். அவர் காது அப்பேர்ப்பட்ட காது. அம்பத்தூரிலிருந்து நசரத்பேட்டை வரைக்கும், துபாயிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ யாருக்கு இயர்போன் வந்தாலும், "எது நல்லது, எது டூப்ளிகேட்டு, ராகவண்ணாத்தே சொல்லட்டும்" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் காது ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டது. சம்மட்டி தின்றுவிட்டது. கூடத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள் என்பதால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"சத்தமில்லாத எடத்துலதான் டெஸ்ட் பண்ணணும்" என்று சொல்லிப் பொருளை உள்ளே எடுத்து வருவார். கதவைச் சாத்துவார். உள்ளே கேட்பது வசந்தகுமாரி.

வந்தவர்கள் எது சொன்னாலும் கேட்டதுபோல் தலையாட்டப் பழகிவிட்டார். உதட்டைப் பார்ப்பார். புரிந்தால் பதில், புரியாவிட்டால் "ஆங், ஆங்." யாராவது காதில் இயர்போனை வைத்துவிட்டால், முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு "கேக்குது" என்பார். ஆறு வருஷத்தில் அந்த ஒரு சொல் அவர் நாக்கில் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது.

வசந்தகுமாரிக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

"பாட்டெல்லாம் கடைசில. மொதல்ல வெறும் கேசட்டப் போடு. பாட்டு போட்டா எந்த டப்பாவும் நல்லாத்தான் பாடும். ஒண்ணுமே இல்லாதப்போ இன்னா காட்டுதுன்னு பாரு. அதுல தெரிஞ்சுடும் அதோட யோக்கியதை."

"சரி."

"அப்புறம் எடது காதுல மட்டும் கொர்ருன்னு ஒண்ணு கேக்குதுன்னு வை. ரெண்டையும் காது மாத்திப் போடு. சத்தமும் கூடவே வலது பக்கம் போச்சுன்னா, கோளாறு பொருள்லயோ கேசட்லயோ கீது."

"போவாம எடது பக்கமே நின்னுச்சுன்னா?"

"நின்னுச்சுன்னா உன் காதுல குறும்பி."

அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வாள். அவர் சத்தத்தை ஒவ்வொரு நம்பராக ஏற்றுவார். ஒவ்வொரு நம்பருக்கும் "கேக்குதா?" என்பார். எந்த நம்பரில் அவள் "கேக்குது" என்கிறாளோ, அதை வைத்துப் பொருளின் சூட்டிகை. சாதாரண இயர்போன் காதின் வாசலில் சும்மா தொங்கும் என்பதால் அவர் குரல் அவளுக்குத் தடையில்லாமல் வரும். இப்படி எத்தனையோ ஜோடி பார்த்தாகிவிட்டது.

மூன்று நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை மத்தியானம், அம்பத்தூரில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடை வைத்திருக்கும் கஜபதி மூன்று ஜோடி கொண்டுவந்தான்.

"கப்பல்ல வேல செய்றவன் ஒருத்தன் கொண்டாந்தான் அண்ணாத்தே. மூணுல ஒண்ணு எனக்கு. மீதி ரெண்டையும் வெள்ளிக்கெழம சாயந்தரம் எடுத்துகினு பூடுவான். கடையில நான் பதியற பாட்ட இத வச்சுதான் சரி பாக்கணும். தப்பா எடுத்தேன்னா அம்பத்தூரே என்னைக் காறித் துப்பும். நீ இன்னா சொல்றியோ அதான்."

"ஆங், ஆங்" என்றார் வீரராகவன்.

அவன் போனபின் அவள் முதல் ஜோடியைப் போட்டுப் பார்த்தாள். வெள்ளி மாதிரி பளபளப்பு. வெறும் கேசட்டுக்குப் பிறகு கல்யாண ஊர்வலக் கேசட்டை ஓடவிட்டாள்.

"எப்படி?" என்றார்.

"தவிலு மட்டும்தான் ஊர்வலம் போவுது. நாயனம் பின்னால எங்கியோ நின்னு டீ குடிச்சுகினு கீது" என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

இரண்டாவது பரவாயில்லை. வீணையில் விரல் நகர்வது தெரிந்தது. பாடுகிறவள் மூச்சு இழுப்பது தெரிந்தது. ஒயர் புடவையில் உரசினால் மட்டும் கரகரத்தது. "எல்லாரும் வந்துட்டாங்க. ஆனா ஊட்டுக்குள்ள வராம வாசல்லியே நின்னு பாடுறாங்க."

மூன்றாவதுதான் ஆக விலை கூடியது. புளியங்கொட்டை அளவுகூட இல்லை, கறுப்பு. ஒயர் ஜடைபோலப் பின்னியிருந்தது. முனையில் குடைக்குக் கீழே குடை என்று மூன்று அடுக்கு ரப்பர். காதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே, இன்னும் உள்ளே, திருகி நுழைக்க வேண்டும்.

நுழைத்தாள்.

மழை நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. சத்தம்தான் இல்லை. வீரராகவன் வாயசைத்தார். அதுவும் இல்லை. உலகத்தை யாரோ பெட்டியில் வைத்து மூடிவிட்டதுபோல் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதுதான் என் புருஷன் இருக்கிற ஊரா என்று நினைத்தாள், சிரிப்பு நின்றுபோயிற்று.

வெறும் கேசட்டை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் நாடா நகரும் மெல்லிய இரைச்சல், மணல் சரிவதுபோல. அதற்கு அடியில் இயந்திரச் சக்கரத்தின் சுழற்சி. இத்தனை அடிவரைக்கும் எந்த ஜோடியும் அவளை இறக்கிக் காட்டியதில்லை. அதற்கும் அடியில் ஒரு மூச்சு.

அவளுடையதுதான். காதை அடைத்தால் சொந்த மூச்சு பெரிதாகக் கேட்கும், தெரிந்த விஷயம்.

மூச்சை நிறுத்திப் பார்த்தாள்.

அது நிற்கவில்லை.

இடது பக்கம். நிதானமாக, சளி கட்டியவர் மூச்சுபோல, இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. கேசட்டில் எவனோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பதிவாகியிருக்கும் என்று எண்ணினாள். இரண்டையும் கழற்றி, காது மாற்றிப் போட்டாள்.

இரைச்சல் மாறியது. மூச்சு மாறவில்லை.

இடது பக்கமே நின்றது.

ஒயரின் பின்னை இயந்திரத்திலிருந்து பிடுங்கினாள். இரைச்சல் போய்விட்டது. சக்கரத்தின் சுழற்சியும் போய்விட்டது.

மூச்சு மட்டும் இருந்தது.

கூடவே ஒரு வாசனை. காது வலிக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வாசனை. அந்த வீட்டில் பூண்டெண்ணெய் காய்ச்சி நான்கைந்து வருஷமாகிறது. இந்தக் காது இனி எண்ணெய்க்கு வராது என்று வீரராகவன் கிண்ணத்தை விட்டெறிந்த நாளோடு சரி.

மூச்சு ஒருமுறை தடைப்பட்டது. யாரோ பேசுவதற்கு முன் நிறுத்துவதுபோல.

"கேக்குதா?"

எத்தனையோ நாள், எத்தனையோ ஜோடி, கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. கண்ணை மூடியபடியே அவள் பதில் சொன்னாள்.

"கேக்குது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. புருஷன் பேசினால் இந்த ரப்பரைத் தாண்டி வராதே.

கண்ணைத் திறந்தாள். வீரராகவன் அறையின் அந்தக் கோடியில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாரல் அடிக்கிற ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்.

அவள் இரண்டையும் பிடுங்கி எறிந்தாள். மழைச்சத்தம் திரும்பி வந்தது.

வலது பக்கம் மட்டும்.

அவரிடம் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? "இது போட்டா காது வலிக்குது, ரெண்டாவதே எடுக்கச் சொல்லிடு" என்று மட்டும் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். காது போனவருக்குக் கண் இரட்டிப்பாகிவிடும். இன்றைக்கு, வெள்ளிக்கிழமை காலை, அவள் கெரசின் வாங்க ரேஷன் கடைக்குப் போனாள். இடது பக்கத்திலிருந்து சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டிக்கொண்டே வந்து இடித்தபிறகுதான் அவளுக்கு அவன் வந்ததே தெரிந்தது. கேனும் கையுமாக வீட்டுக்கு வந்து பார்த்தால், அரிசி டிரம்மின் மேல் வீரராகவன் உட்கார்ந்திருந்தார். காதில் அந்தக் கறுப்பு ரப்பர். கன்னமெல்லாம் கண்ணீர்.

அவள்தான் அதைப் பிடுங்கினாள். அப்படித்தான் சண்டை ஆரம்பித்தது.

"ஆறு வருசம்டி!" என்று இப்போதும் கத்திக்கொண்டிருந்தார். "நீ சிரிக்கிற, எனக்குத் தெரியல. பொண்ணு பிரசவத்துக்கு வந்தாளே, கொழந்த அழுதுச்சே, வாயத் தொறந்தத பாத்தேன், அவ்ளோதான். இன்னிக்கு ஒண்ணு கேட்டுச்சு. எதுவா இருந்தா எனக்கின்னா?"

வசந்தகுமாரி எழுந்து அவர் தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"இன்னா கேட்டுச்சு உனக்கு?"

"மூச்சு. அப்புறம் கேக்குதான்னு கேட்டுச்சு."

"நீ பதில் சொன்னியா?"

அவர் தாடையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார்.

"சொல்லுய்யா. சொன்னியா?"

"இல்ல."

"என் மேல ஆணையா?"

"உன் மேல ஆணையா சொல்லல. சொல்ல வாயெடுத்தேன், நீ வந்து புடுங்கிட்ட. நீதான் பேசுறேன்னு நெனச்சேன். உன் கொரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு வசந்தா."

அவள் மறுபடி டிரம்மின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லிட்டேன்" என்றாள். "செவ்வாக்கெழம. நீதான் கேக்குறேன்னு நெனச்சு சொல்லிட்டேன். அதுலேந்து எனக்கு எடது காது இல்ல. சுத்தமா இல்ல. கைதட்டினாகூட இல்ல. அந்த மூச்சு மட்டும் கேட்டுகினே கீது. இப்பவும்."

அவர் அவள் இடப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே சுவரில் மாட்டிய சட்டையைத் தவிர ஒன்றுமில்லை.

பிறகு சொன்னார்:

"உனக்கு அடைச்சுதுன்னா, எனக்குத் தொறக்குமோ?"

அதையும் அவர் கத்தித்தான் சொன்னார். தெருவில் போகிறவனுக்குக்கூடக் கேட்டிருக்கும். கேட்டுவிட்டு, தான் கேட்டது இன்னது என்று புரிந்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. தலையில் அடித்துக்கொண்டார். தன் தடித்த விரலால் அவள் இடது காதைத் தொட்டு, காதுமடலை மெல்ல நீவிவிட்டார்.

"வேணாம். எனக்கு இந்தக் கேள்வியே வேணாம். மூணையும் அவன்கிட்ட குடுத்துடு. நான் தொடல."

"வாயத் தொறந்து பதில் சொல்லிடாத. எது கேட்டாலும். போனது எங்காதோட போவட்டும். நீயாவது என் பக்கத்துல நீயாவே இரு."

"சரிடி. சரின்றேன்ல."

நாலு மணிக்குக் கஜபதி வந்தான். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இன்னா அண்ணி, ஏரி ஊட்டுக்குள்ள வந்துடும் போல கீது? படகு ஒண்ணு வாங்கி வுட்டுடுங்க, அண்ணாத்தே டூட்டிக்கு அதுலியே போவட்டும்."

அவள் மூன்று உறைகளையும் மேஜையில் வைத்தாள். "ரெண்டாவது எடுத்துக்கச் சொல்றாரு."

"ரெண்டாவதா? அந்தக் கறுப்பு?"

"அது ஆவாது. காத குத்துது."

"கப்பல்காரன் அத பத்தி ஆகா ஓகோன்னான் அண்ணி. மூணுலயும் அதான் ராசான்னான்." கஜபதி வீரராகவன் பக்கம் திரும்பினான். "இன்னா அண்ணாத்தே, நெசமாவா?"

"ஆங், ஆங்" என்றார் வீரராகவன், உதட்டைப் பார்த்து.

"டீ போட்டு எடுத்தாறேன்" என்று அவள் உள்ளே போனாள். ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். முன்னறை அவளுடைய இடது பக்கம் இருந்தது. அங்கிருந்து எந்தச் சத்தமும் அவளுக்கு வரவில்லை.

பால் பொங்கியது. எதற்கோ திரும்பினாள்.

கஜபதி கறுப்பு உறையைத் திறந்திருந்தான். தன் இடுப்பிலிருந்த வாக்மேனில் பின்னைச் சொருகிக்கொண்டு, சின்னப்பிள்ளைக்குத் தோடு போடுகிறவன்போல, வீரராகவனின் காதை மேலே இழுத்துப் பிடித்து ரப்பரை உள்ளே திருகிக்கொண்டிருந்தான். வீரராகவன் கையை உயர்த்தித் தடுக்கத்தான் பார்த்தார். அதற்குள் இரண்டாவது காதும் ஆகிவிட்டது. கஜபதி பின்னால் நகர்ந்து சிரித்துக்கொண்டே எதையோ கேட்டான்.

வேற்று மனிதன். காதில் இயர்போன். எதிரே அசைகிற வாய். ஆறு வருஷப் பழக்கம்.

வீரராகவன் முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

"கேக்குது" என்றார்.

டம்ளர் உருண்டது. அவள் எப்படி ஓடிவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒயரைப் பிடித்து இழுத்த வேகத்தில் வாக்மேன் கஜபதியின் இடுப்பிலிருந்து கழன்று தொங்கிற்று.

"அய்யய்ய, மெதுவா அண்ணி! இன்னா ஆச்சு?" கஜபதி பதறிப்போய், பிறகு சிரித்தான். "நல்லா கீது போ! காதுக்கு வசதியா கீதான்னு கேட்டா, கேக்குதுன்றாரு. நான் இன்னும் பட்டனே அமுக்கலியே. அதுக்குள்ள இன்னாத்த கேட்டாரு?"

வீரராகவன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பயம் இல்லை. தூரத்தில் யாரோ பேசுவதைக் கவனிக்கிற முகம்.

அவள் உறைகளை அள்ளிக் கஜபதியின் கையில் திணித்தாள். "ரெண்டாவது எடுத்துக்கோ. மீதிய இன்னிக்கே அனுப்பிடு. காதுல போட்டுப் பாக்காத. எம் பேச்சக் கேளு, போட்டுடாத."

"டீ?"

"இன்னொரு நாளு வா."

கஜபதி ஒன்றும் புரியாமல் குடையை விரித்துக்கொண்டு போனான். தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்று பார்த்தாள். பின்பு ஸ்டவ்வை அணைத்தாள். சிந்திய பாலைத் துடைத்தாள். ஏதோ மாறியிருந்தது. இன்னதென்று உடனே தெரியவில்லை. துணியைப் பிழியும்போதுதான் தெரிந்தது.

இடது காதில் மூச்சு இல்லை.

அங்கே இப்போது ஒன்றுமே இல்லை. அடித்துச் சாத்திய கதவுபோல இருந்தது. மூன்று நாளாக ஒட்டிக்கொண்டு வந்தது அவளை விட்டுப் போய்விட்டது. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். போயிடுச்சு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். கப்பலோட போவட்டும்.

முன்னறைக்கு வந்தாள். வீரராகவன் வாசற்படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், இரண்டு அடி தள்ளி நின்று, தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"எப்பாடா. ஒழிஞ்சுதுடா சாமி."

"கத்தாத வசந்தா" என்றார் அவர்.

திரும்பாமல் சொன்னார்.

மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும் என்பதுபோல, அத்தனை மெதுவாக. கல்யாணமான புதிதில் பேசிய குரல். அவள் வலது காதைச் சாய்த்துக்கொண்டுதான் அதைப் பிடிக்க முடிந்தது.

"மழ கேக்குது" என்றார் அதே குரலில். "ஓட்டு மேல வேற மாதிரி, எல மேல வேற மாதிரி. அங்க ஏரில விழுறது வேற மாதிரி."

அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

அவர் தலையாட்டினார், அவளுக்கு இல்லை. இடப்பக்கம் யாரோ ஏதோ சொல்லக் கேட்டுக்கொள்வதுபோல. "ஆமா" என்றார். பிறகு ஒருமுறை சிரித்தார். துண்டை எடுத்துப் படியின் அந்தப் பக்கத்து ஈரத்தை ஒற்றித் துடைத்தார். பின்பு வலது பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, கதவு நிலையோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

"யாருக்கு எடம் வுடுற நீ?" என்று கேட்டாள் வசந்தகுமாரி.